நடத்தை சரியில்லாத தீ

பஸ் வராது என்று சொல்வதற்காகவே படைக்கப்பட்ட குரல் என்று ஊரில் அந்தக் குரலைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இன்ன ஊர் வண்டி இன்று ரத்து என்று மைக் அக்கா பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தால் யாரும் கத்த மாட்டார்கள். ரத்தானதிலும் ஏதோ நியாயம் இருக்கும்போல என்று தலையை ஆட்டிவிட்டு, மூட்டையை இழுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். பிறகு நிலையத்துக்குப் பதிவுசெய்த குரல் வந்தது. அக்காவுக்கு வேலை போயிற்று. கணவர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. உறவென்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தம்பி. அவன் ஊருக்கு வெளியே புல்வெளியில், ஓடைக்கு அந்தப் பக்கம், பெண்டாட்டியோடும் மாடுகளோடும் இருந்தான். இங்கே வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மாட்டுக்கு நான் என்னத்தை அறிவிக்கிறது என்று இவள் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான், தீ நடத்தை அளவீட்டு மையத்திலிருந்து ஆள் வந்தது.

மையத்தின் இயக்குநர் முன்பொரு முறை வராத வண்டிக்காக மத்தியானம் முழுக்க அந்தப் பஸ் நிலையத்தில் காத்திருந்தவர். அவ்வளவு நேரமும் தனக்குக் கோபமே வரவில்லை என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் கவனித்திருக்கிறார். அந்தக் குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

மையம் ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. பின்பக்கம் ஒரு திடல். திடலைத் தாண்டினால் வானம் தொடும்வரை புல்வெளி. மரங்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவைபோலத் தள்ளித் தள்ளி நிற்க, நடுவே ஆள் உயரத்துக்குப் புல். வறண்ட மாதங்களில் அது காய்ந்து பழுத்து, ஒரு தீக்குச்சிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் புகையைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் தெருமுனையில் உள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவார், வண்டி கிளம்பிவிடும். இது அறிவியல் முறைப்படி இல்லை என்று மேலிடத்தில் கண்டுபிடித்தார்கள். எரிவது எவ்வளவு பெரிய தீ, எந்தத் திசையில் என்ன வேகத்தில் போகிறது என்ற விவரமே இல்லாமல் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவது தீக்கும் மரியாதை இல்லை, தண்ணீருக்கும் மரியாதை இல்லை. எனவே மையம் வந்தது. காலையில் ஒரு முறையும் மத்தியானம் ஒரு முறையும் செயற்கைக்கோள் புல்வெளிக்கு மேலே போகும். அது அனுப்பும் படத்தைப் பார்த்து மையம் தீ என்று உறுதி செய்யும். உறுதிச் சீட்டு தெருமுனைக்குப் போகும். அதன் பிறகு வண்டி கிளம்பும். செயற்கைக்கோளை யாரும் குறை சொல்ல முடியாது. அது தன் பாட்டுக்கு நேரம் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தது.

மைக் அக்காவின் வேலை, புல்வெளியிலிருந்து வரும் போன்களை எடுப்பது. எடுத்ததும் சொல்ல வேண்டிய வாசகத்தை இயக்குநரே எழுதிக் கொடுத்திருந்தார்: ‘தகவலுக்கு நன்றி. உங்கள் தீ பரிசீலனையில் உள்ளது.’

சேர்ந்த அன்றே ஒரு தகராறு. அறையின் பின்பக்கச் சன்னல்கள் எல்லாவற்றுக்கும் தடித்த கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் போனில், ஓடைப் பக்கம் புகை கிளம்புகிறது என்றார். அதற்கென்ன, எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று இவள் எழுந்து போய்த் திரையில் கை வைத்தாள். பட ஆய்வாளர் என்ற ஒல்லியான மனிதர் நாற்காலியோடு உருண்டு வந்து குறுக்கே நின்றார். அதற்குள் இயக்குநரும் வந்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. பெரியவர்கள் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“உங்க கண்ணு இருக்கேம்மா, அதுக்கு அளவுத் திருத்தம் பண்ணின சான்றிதழ் இருக்கா?”

இல்லை என்றாள்.

“எனக்கும் இல்ல. நான் அதை வெளிப்படையா ஒத்துக்கறேன். அதனாலதான் நானும் சன்னல் பக்கமே போறதில்ல.”

உறுதிச் சீட்டு கொடுப்பதெல்லாம் மையத்துக்கு உபரி வேலை. அதன் உயிர்நாடி நடத்தை அளவீடு. இந்தக் காற்றுக்கு, இந்தப் புல்லுக்கு, தீ இப்படித்தான் போக வேண்டும் என்று மையத்துக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும். பிறகு அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, தீ எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது, எவ்வளவு சூடாக எரிந்திருக்கிறது என்று அளப்பார்கள். கம்ப்யூட்டர் சொன்னபடி நடந்துகொண்ட தீக்கு நன்னடத்தை என்று பதிவு. சொல் பேச்சுக் கேட்காமல் காற்றுக்கு எதிராகத் திரும்பியது, கிளை பிரிந்து போனது போன்றவை நடத்தை சரியில்லாத தீ. அவற்றிடம் விளக்கம் கோரிக் கோப்பு தொடங்கப்படும். அதற்குள் அவை அணைந்துபோயிருக்கும் என்பதால் விளக்கம் வராது. பதில் தராதவற்றைச் சராசரிக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். இதனால் மையத்தின் முன்கணிப்பு ஒரு தடவைகூடப் பொய்த்தது கிடையாது.

படம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் பாதிக்கு மேல் எரிந்தால்தான் அது தீ. இல்லாவிட்டால் சூடான நிலம். ஒரு நாள் ஆடு மேய்க்கிற ஒருவர் கூப்பிட்டார். அவர் நின்றிருந்த கட்டம் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் எரியட்டும், உறுதி செய்துவிடலாம் என்று பட ஆய்வாளர் சொன்னதை மைக் அக்கா தன் குரலில் எடுத்துச் சொன்னாள். அவர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அவளுக்குப் போகப் போகத்தான் புரிந்தது. பெரிய தீ என்றால் புகையும் பெரிதாகக் கிளம்பும். மேலேயிருந்து எடுத்த படத்தில் அந்தப் புகை வெள்ளை வெளேரென்று மேகம்போல் தெரியும். மேகம் மூடிய கட்டத்தைக் கம்ப்யூட்டர் தகவல் இல்லை என்று ஒதுக்கிவிடும். ஆகவே குப்பை எரிவதுபோலச் சின்னதாக எரிகிற தீக்கெல்லாம் சுடச்சுடச் சீட்டு போயிற்று. புல்வெளியையே வாரிச் சுருட்டிக்கொண்டு போகிற தீ எதற்கும் போகவில்லை. அவள் இதைத் தயங்கித் தயங்கிப் பட ஆய்வாளரிடம் கேட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

“நான் போன வருஷமே எழுதிக் குடுத்தேன்கா. மேகத்தைப் பத்தி எனக்குப் போதிய தெளிவு இல்லன்னு பயிற்சிக்கு அனுப்பிட்டாங்க.”

“அப்புறம்?”

“நல்ல பயிற்சிதான்கா. மத்தியானம் சாப்பாடும் போட்டாங்க.”

அந்த வருட அறிக்கை வெளிவந்தது. புல்வெளியில் பெருந்தீ ஒன்றுகூட நிகழவில்லை. மழையில்லாத மாதங்களில் மேகமூட்டம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. அதற்கு மையம் பொறுப்பல்ல. மேலிடம் மகிழ்ந்துபோய் விருது அறிவித்தது. விருது கொடுக்க மந்திரியே வருவதாக ஏற்பாடு.

மந்திரி வரும்போது வெறும் படத்தைக் காட்டினால் எடுபடாது என்று இயக்குநர் நினைத்தார். பின்பக்கத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு சதுரம் வரைந்தார்கள். அதற்குள் காய்ந்த புல்லைப் பரப்பினார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரும் நேரம் பார்த்து மந்திரி அதில் தீ வைப்பார், அந்தத் தீ அப்படியே பெரிய திரையில் தெரியும், கைதட்டல். இதற்கு மாதிரித் தீ என்று பெயர். அதன் நன்னடத்தைச் சான்றிதழை முதல் நாளே அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்துவிட்டார்கள்.

விழா நாளன்று மைக் அக்காவுக்கு மட்டும் மேலே போன் மேசையில் வேலை. திரை மூடியிருந்தாலும் ஒலிபெருக்கியில் பேசுவதெல்லாம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது. இயக்குநர் பேசத் தொடங்கினார். தொடங்கினார் என்பதுதான் சரி, முடிப்பதாகத் தெரியவில்லை.

“ஒரு காலத்துல தீ தன் இஷ்டத்துக்குப் போயிட்டிருந்துச்சு. இன்னைக்கு அப்படி இல்ல. நம்மள அளக்கறாங்கன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு. நான் சவாலாவே சொல்றேன். எங்க அளவீட்டுக்குள்ள வராத ஒரு தீயை யாராவது காட்டுங்க பாப்போம். எங்களால அதைப் பாக்கவே முடியாது.”

கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் செயற்கைக்கோள் வந்து, திடலைப் படமெடுத்துவிட்டு, தன் வழியே போய்விட்டது. மந்திரி அதற்குப் பிறகுதான் தீ வைத்தார். பெரிய திரையில் விழாக் கூடாரத்தின் மேற்கூரை தெரிந்தது. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று யாரோ சொல்வது மேலே கேட்டது.

சற்று நேரத்தில் காற்று திரும்பியது. கீழே நாற்காலிகள் நகரும் சத்தம். தீ கோட்டைத் தாண்டுகிறதே என்று ஒருவர் கேட்க, இயக்குநர் மைக்கை விடாமலே பதில் சொன்னார்.

“மாதிரித் தீ கோட்டைத் தாண்டாதுங்க. தாண்டினா அது மாதிரித் தீ இல்ல. அது வேற தீ. அதைப் பத்தித் தகவல் வந்தா முறைப்படி பரிசீலிப்போம்.”

வேறு தீ விருந்தினர்களுக்கு எதிர்ப்பக்கமாக, புல்வெளியைப் பார்த்துப் போனதால் யாருக்கும் பதற்றம் இல்லை. தேநீர் கொடுக்கத் தொடங்கினார்கள்.

போன் அடித்தது. அவள் பழக்கத்தில் நன்றி சொல்லப் போனாள்.

“அக்கா, நான்தான். உங்க பக்கத்துலேர்ந்துதான் வருது. ஓடைல சொட்டுத் தண்ணி இல்ல, தாண்டிடுச்சு. வண்டி கிளம்பிடுச்சா?”

அவள் திரையை இழுத்தாள். யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் கீழே இருந்தார்கள். திடலிலிருந்து மேற்கே, பார்வை போகிற மட்டும், புகை சுவராக நின்றது. அதன் அடியில் சிவப்பாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திடலின் ஓரத்தில் தீயணைப்பு வண்டி கழுவித் துடைத்து ரிப்பன் கட்டி நின்றது.

“நீ கிளம்புடா. அவளக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு.”

“அவளப் பாறைப் பக்கம் அனுப்பிட்டேன்கா. மாடெல்லாம் கட்டிக் கிடக்கு. அவுத்து விட்டுட்டு நானும் போயிடறேன். வண்டி வருதுல்ல? வந்துடும்னா நின்னு எல்லாத்தையும் அவுத்துடுவேன்.”

சன்னல் வழியாக அவள் வண்டியைப் பார்த்தாள். சீட்டு கைக்கு வந்தால் அரை நொடியில் கிளம்பிவிடலாம், அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது. எப்படியும் கிளப்பிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

“வந்துக்கிட்டே இருக்குடா” என்றாள்.

அவள் குரலில் யாருக்குத்தான் நம்பிக்கை வராது. அவன் சரிக்கா என்று வைத்துவிட்டான்.

மாடிப்படியில் விழுந்து எழுந்து அவள் திடலுக்கு ஓடினாள். தீயணைப்பு அதிகாரி தேநீர்க் கோப்பையோடு புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதக்கமெல்லாம் குத்தியிருந்தார். அவள் கையைக் கூப்பினாள்.

“எனக்கும் தெரியுதும்மா. இது வெயில் இல்ல, அனலே அடிக்குது. ஆனா சீட்டு இல்லாம வண்டிய எடுத்தேன்னா அரசாங்க வண்டியத் திருடினேன்னு கேசு. போன வருஷம் ஒருத்தன் எடுத்தான். தீயை அணைச்சிட்டு நேரா உள்ள போனான். இன்னும் வரல.”

பட ஆய்வாளரிடம் ஓடினாள். மத்தியானப் படம் வந்துவிட்டது, அதில் தீ இல்லை, அடுத்த படம் நாளைக் காலையில் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இயக்குநர் மந்திரிக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அப்புறம் என்று கையைக் காட்டினார். மேடையில் மைக் சும்மா நின்றது. அவளுக்கு உலகத்தில் தெரிந்தது அது ஒன்றுதான். ஏறிப் பிடித்துக்கொண்டாள்.

திடலிலிருந்து கிளம்பிய தீ ஓடையைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருக்கிறது, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், தீயணைப்பு வண்டி உடனே கிளம்ப வேண்டும் என்று சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். குரல் நடுங்கவில்லை. எத்தனையோ வருடம் அதை அப்படித்தான் பழக்கியிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் கணீரென்று, இனிமையாக, நிதானமாக வந்து விழுந்தது. கூட்டம் அமைதியாகக் கேட்டது. எழுந்த ஓரிருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் முடித்ததும் பலத்த கைதட்டல். மையத்தின் சேவையை இவ்வளவு தத்ரூபமாக நடித்துக் காட்டிய அம்மாவுக்குத் தன் சொந்தப் பாராட்டு என்று மந்திரி சொன்னார்.

பட ஆய்வாளர்தான் கடைசியில் தன் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். கருகின தரை முடிகிற இடம் என்று ஒன்று வரவே இல்லை. பாறைமேல் தம்பி மனைவி முகமெல்லாம் கரியாக உட்கார்ந்திருந்தாள். மாடுகள் அங்கங்கே நின்றன. அவன் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டிருந்தான். கடைசி முளைக்குப் பக்கத்தில் கிடந்தான். கையில் கயிறு இருந்தது.

மறுநாள் காலைப் படத்தில் அந்த இடம் முழுக்க வெள்ளையாக இருந்தது. மேகம் என்று பதிவாயிற்று.

சாவுக்குக் காரணம் என்ன என்று பதிவாளர் கேட்டார். தீ என்றால் மையத்தின் உறுதி வேண்டும். அதற்காகத் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு மைக் அக்கா இயக்குநர் அறைக்குப் போய் நின்றாள். விருது மேசைமேல் இருந்தது. அவர் இருவரையும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், உண்மையிலேயே வருத்தப்பட்டார். படத்தைத் திருப்பிக் காட்டினார்.

தம்பி மனைவி வெகு நேரம் அதைப் பார்த்தாள். “மேகம்னா மழை பேஞ்சிருக்கணுமேங்க” என்றாள்.

“எல்லா மேகமும் மழை குடுக்காதும்மா. அது ஏன்னுதான் நாங்களும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கோம்.”

“அப்ப எங்க வீடு எரியலைங்களா?”

“எரியலைன்னு நான் சொல்லவே இல்ல. அப்படிச் சொல்றதுக்கும் எங்ககிட்ட ஆதாரம் கிடையாது. மையம் ரெண்டு பக்கமும் சாயாது. அதுதான்மா எங்க பலம்.”

மேகமூட்டத்தில் மூச்சுத் திணறல் என்று சான்றிதழ் வந்தது. தம்பி மனைவிக்குப் படிக்கத் தெரியாது. மைக் அக்கா படித்துக் காட்டினாள். அந்தக் குரலில் கேட்டதாலோ என்னவோ, அவள் தலையை ஆட்டிவிட்டு, மடித்துப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் அப்புறம் மைக் அக்காவோடேயே வந்து தங்கிவிட்டாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வண்டி வந்துகொண்டே இருக்கிறது என்று போனில் சொன்னதை மைக் அக்கா அவளிடம் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். வாய் திறந்தால் அதுவும் ஒரு அறிவிப்பாக வந்து தொலையுமே என்று மூடிக்கொள்வாள். வேலையை விட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். விட்டால் இன்னொரு குரல் வரும். அது இவளைவிட இனிமையாகவும் இருக்கலாம். இருந்துகொண்டே ஒரு காரியம் செய்யலாம் என்று முடிவு செய்தாள். இனிமேல் யார் கூப்பிட்டாலும் வாசகத்தைச் சொல்வதில்லை. ஓடு என்பது ஒன்றுதான் சொல்வது.

இதற்கிடையில் மையத்தின் பரிந்துரைப்படி ஒரு புது உத்தரவு வந்திருந்தது. உறுதியாகாத தீக்குப் பயந்து ஜனங்கள் கண்டபடி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது அளவீட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். இனி அப்படிக் கிளம்புகிறவர் தன் நிலத்தைத் தானே கைவிட்டவராகக் கருதப்படுவார். புல்வெளியெங்கும் வண்டி வைத்து இதை அறிவித்தார்கள். அறிவிக்க மைக் அக்காவைத்தான் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். வேறு யாரோ சொன்னார்கள். ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வறண்ட மாதம் தொடங்கியதும் முதல் போன் வந்தது. வயதான ஆண் குரல். வீட்டுக்குப் பின்னால் எரிகிறது, அனல் தாங்கவில்லை என்றது. மைக் அக்கா திரையை இழுத்துப் பார்த்தாள். தெற்கே புகை கொழுத்து எழுந்துகொண்டிருந்தது. இயக்குநர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பதையும் பார்த்தாள். அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“ஓடுங்கய்யா. போனை வெச்சிட்டு வீட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடுங்க.”

அவருக்குப் பின்னால் புல் வெடிக்கும் சத்தம் கேட்டது.

“உறுதி ஆயிடுச்சாம்மா?”

“ஆகல. ஆகவே ஆகாது. உங்க கண்ணுல தெரியுதுல்ல, ஓடுங்க.”

“தெரியுதும்மா. நல்லாவே தெரியுது. ஆனா நாங்க பாட்டுக்குக் கிளம்பிட்டு, நாளைக்கு அது தீயே இல்லன்னு ஆயிட்டா எங்கேம்மா போறது?” அவர் குரல் தணிந்து, இவளைச் சமாதானப்படுத்துவதுபோல் ஆயிற்று. “நீங்க பதட்டப்படாதீங்க. நிதானமாப் பாத்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அந்தப் பக்கம் அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் யாரிடமோ சொல்வது மங்கலாகக் கேட்டது.

“கொஞ்சம் இருங்க. பாத்துக்கிட்டிருக்காங்க.”